முள் சிவப்புக்கு ஏறிய சாயங்காலம்

எங்கள் ஜீப்பில் என் மகன் ஒரு வட்ட மீட்டர் பொருத்தியிருந்தான். எஞ்சின் எவ்வளவு சூடு என்று காட்டுகிற மீட்டர். கறுப்பு முகம், வெள்ளைக் கோடுகள், கோடு முடிகிற இடத்தில் விரல் அகலத்துக்குச் சிவப்பு. அந்த மீட்டரைப் பற்றியும் என் அக்காவைப் பற்றியும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இரண்டும் ஒட்டாத விஷயம் போலத் தெரியும். என் மனசில் ஒட்டித்தான் கிடக்கிறது. மூணாவதோடு நின்ற படிப்பு என்னுடையது, எழுத்து ஊர்ந்துதான் வரும். ஊரட்டும்.

முதலில் ஜீப்பைச் சொல்கிறேன். கம்பெனி கழித்துப் போட்டு ஏலம் விட்ட பழைய ஜீப் அது. என் வீட்டுக்காரருக்கு நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் பம்ப் செக்‌ஷனில் வேலை. பூமிக்கு அடியிலிருந்து ஊறுகிற தண்ணீரை ராவும் பகலும் இறைத்துக் கொட்டிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சுரங்கம் குளமாகிவிடும். அந்த பம்ப்களைப் பார்த்துக்கொள்கிறவர். பெர்மனெண்ட். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஜீப்பின் பின்பக்கம் தொற்றிக்கொண்டு ஷிப்டுக்குப் போனவர், இப்போது முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். எங்கள் அப்பன் ஆத்தாள் கம்மாபுரத்துப் பக்கம் ஊரார் கழனியில் நடவு நட்டவர்கள். ஜீப் எங்கள் பிளாக்குக்குள் நுழைந்த அன்றைக்கு நான் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுத்தான் உள்ளே விட்டேன். எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் பெரிய கோலமாகப் போட்டேன்.

மகனுக்கு மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் காண்ட்ராக்ட் வேலை. ஜீப்பை அவன் சும்மா விடவில்லை. டயரை மாற்றினான், மேலே தகரக் கூரை போட்டான். ஒரு தைப்பூசத்துக்கு வடலூருக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போனபோது, எஞ்சின் தண்ணீர் வற்றிக் காய்ந்து, கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றுபோனது. ஜீப்பில் இருந்த பழைய சூட்டு மீட்டர் எப்போதோ செத்திருந்தது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. பிறகு வேறொரு வண்டியின் எஞ்சினை வாங்கி, பிராக்கெட் அடித்து, இதில் இறக்கினான். இந்தத் தடவை மீட்டர் இல்லாமல் ஓட்டமாட்டேன் என்று பாண்டிச்சேரியில் போய் இந்த வட்ட மீட்டரை வாங்கிவந்து, தானே ஒயர் இழுத்துப் பொருத்தினான்.

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "என்னாடா, ஒயரு கண்டபடி தொங்குது. காண்ட்ராக்ட்டுக்காரன் வேலைன்னு எழுதி ஒட்டிடு" என்பார்.

"பெர்மனெண்ட்டுக்காரங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்பான் அவன்.

அப்பனுக்கும் பிள்ளைக்கும் அப்படித்தான் பேச்சு. கேட்கிறவர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும். எனக்கு அது வீட்டில் ரேடியோ பாடுகிற மாதிரி.

ஆனால் மீட்டர் விஷயத்தில் இருவருக்கும் ஒரே பேச்சு. வீட்டுக்காரர் சோறு தின்கிறபோதெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். "முள்ளு சிவப்புல நின்னா மிஷின நிறுத்து. ஏன்னு அப்புறம் கேளு." அவரோடு வேலை பார்த்த ஒருத்தர், இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று சிவப்பில் ஓட்டி, பைப் வெடித்துக் கொதித்த தண்ணீர் முகத்தில் அடித்தது. கண் இரண்டும் போய்விட்டது. அந்த ஆளை ஸ்டெச்சரில் ஏற்றியவர்களில் இவரும் ஒருத்தர். அதிலிருந்து அவருக்கு மனுஷன் சொல்வது இரண்டாவது, முள் சொல்வதுதான் முதலாவது.

இனி அக்காவைச் சொல்கிறேன்.

எங்கள் அம்மா நான் தவழுகிற வயசில் போய்விட்டாள். அக்காதான் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடவுக்குப் போனவள். வரப்பில் என்னைப் படுக்கவைத்துவிட்டு, நாற்றுக்கட்டை எட்டி எட்டி வீசும்போது என் பக்கம் ஒரு பார்வை வீசுவாளாம். அவளுக்குக் கல்யாணமாகி மேல்பட்டாம்பாக்கம் போனபோது நானும் சீதனத்தோடு சீதனமாகப் போனேன். அங்கேதான் என்னைப் பள்ளிக்கூடத்தில் போட்டாள். பிறகு அவளுக்குப் பிள்ளை பிறந்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்ததால் படிப்பு நின்றது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்த எழுத்து அவள் போட்ட எழுத்து.

வயசான பிறகு ஒருநாள் அவள் வீட்டில் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தோம். திடீரென்று சொன்னாள்.

"பாப்பா, எனக்குப் பாலு நீதான் ஊத்தணும்."

ஐம்பது தாண்டின பிறகும் நான் அவளுக்குப் பாப்பாதான்.

"சும்மா கெட. மருமவ இருக்கா, புள்ள இருக்கான்."

"எம் மருமவ ஊத்துனா பாலுல தண்ணி கலந்துடுவா. கடைசியா குடிக்கிறது கெட்டியா இருக்க வேணாமா? நீ ஊத்து. நீ வர வரைக்கும் நான் போவமாட்டேன்."

உள்ளே மருமகள் பாத்திரத்தை டொங்கென்று வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். விளையாட்டாகச் சொன்னாள், நானும் விளையாட்டாக "சரி" என்றேன். சாகப்போகிறவர்களுக்குக் கடைசி வாய்ப் பால் ஊற்றுவது எங்கள் பக்கம் பெரிய விஷயம். யாருக்காக உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறதோ அவர்கள் கையால் ஊற்றினால்தான் அடங்கும் என்பார்கள். அந்தச் சரி என் கழுத்தில் தாலி மாதிரி விழுந்துவிட்டது.

புயலில் விழுந்த முந்திரிக்குப் பதிலாக நட்ட கன்றுகள் ஆள் உயரம் வளர்ந்திருந்த வருஷம். அந்த வருஷ ஆயுத பூஜைக்கு வீட்டுக்காரர் பம்ப் செக்‌ஷனில் பூஜை முடித்துவிட்டு வந்து, வீட்டிலும் தொடங்கினார். மைன்ஸில் ஆயுத பூஜை என்றால் சும்மா சந்தனம் குங்குமம் இல்லை. மிஷினைக் கழுவித் துடைத்து, இரும்பு வெறுமனே தெரிகிற இடமெல்லாம் துருவைத் தடுக்கிற சிவப்புப் பூச்சு, ரெட் ஆக்ஸைடு பூசி, அதன்மேல் பெயிண்ட் அடித்துத்தான் பொட்டு வைப்பார்கள். எப்போதும் தண்ணீர் சொட்டுகிற இடம், வெறும் இரும்பைக் கண்டால் துரு தின்றுவிடும். இரும்பைப் பச்சையாக விட்டு வைக்கிறவன் வேலைக்காரனே இல்லை என்பது அவர்கள் கொள்கை. கடையில் ஒரு டப்பா ரெட் ஆக்ஸைடு வாங்கிவந்து, ஜீப்பைக் கழுவி, பானெட்டைத் திறந்து, நட்டு போல்ட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துப் பூசினார். மைன்ஸ் பெயிண்ட் ஒரு சொட்டுகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். ஜீப் புதுசு மாதிரி இருந்தது. மகன் வேலை முடிந்து வந்து பார்த்து, "கல்யாணத்துக்கு நிக்கிற மாதிரி நிக்குதே" என்றான். வீட்டுக்காரர் மூக்கில்கூட ஒரு திட்டு சிவப்பு. அவ்வளவு சந்தோஷமாக இருந்தார் அன்றைக்கு.

அதற்குப் பிறகு ஜீப் ஞாயிற்றுக்கிழமைகளில் பகலில் மட்டும்தான் ஓடியது. காய் வாங்க, கோயிலுக்குப் போக. இருட்டில் எடுக்கவே இல்லை.

கார்த்திகையில் அக்கா படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் போய்க் கூட இருந்தேன். கொஞ்சம் தேறினாள், கஞ்சி குடித்தாள், "நீ போய் உன் வூட்டப் பாரு" என்று விரட்டினாள். நான் குவார்ட்டர்ஸுக்கு வந்து துணியெல்லாம் துவைத்துப் போட்டுக்கொண்டிருக்கையில் அக்கா மகன் போன் செய்தான்.

"சின்னம்மா, மூச்சு இழுத்துக்கினு கெடக்குது. எல்லாரும் பாலு ஊத்திப் பாத்துட்டாங்க. முழுங்க மாட்டுது, உதட்டுலயே வழியுது. பாப்பா எங்க, பாப்பா எங்கன்னுதான் வாய் முணங்குது. சீக்கிரம் வா."

மகன் அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்திருந்தான். முகம்கூடக் கழுவவில்லை, சாவியை எடுத்தான். நான் மாற்றுப் புடவைகூட எடுக்கவில்லை. வானம் கருத்துத் தூறிக்கொண்டிருந்தது. டவுன்ஷிப் ஆர்ச் கேட்டைத் தாண்டும்போது லேசான வெளிச்சம் இருந்தது. மழை நாள், சீக்கிரமே இருட்டிவிட்டது. மகன் லைட்டைப் போட்டான். வெளிச்சம் கொஞ்சம் மங்கலாகத்தான் விழுந்தது, மழையால் என்று நினைத்தோம்.

கொஞ்ச தூரம் போயிருப்போம். முன்சீட்டில் வீட்டுக்காரர் அசைந்தார்.

"டேய். முள்ளப் பாரு."

நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். முள் சிவப்பில் நின்றது.

இருபுறமும் முந்திரித் தோப்பு. மகன் வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினான், லைட்டை அணைத்தான். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். "புகை ஒண்ணும் வரலியேப்பா" என்று ரேடியேட்டர் மூடி மேல் கையை வைத்தான். வீட்டுக்காரர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"சூட்டோட திறந்தா மூஞ்சி வெந்துடும். ஆறட்டும்."

நானும் இறங்கி பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. ஓடி வந்த வண்டி சூடாகத்தானே இருக்கும்? எவ்வளவு சூடு இருந்தால் சரி, எவ்வளவு இருந்தால் தப்பு என்று கைக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தானே மீட்டர்.

நின்றோம். முந்திரி இலையில் தூறல் விழுகிற சத்தம். மகன் சாவியைத் திருகி மீட்டரைப் பார்த்தான். முள் நடுவுக்கு இறங்கியிருந்தது. "ஆறிடுச்சு" என்று கிளப்பினான். லைட்டைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஏறினான். ஒரு கிராமம் தாண்டவில்லை, முள் திரும்ப ஏறியது.

இப்படியே. நிறுத்துவோம், லைட்டை அணைப்போம், முள் இறங்கும். கிளம்புவோம், ஏறும்.

ஒரு இடத்தில் நிற்கும்போது அக்கா மகன் மறுபடியும் போன் செய்தான். "எங்க வந்துகினு இருக்கீங்க?" நான், "வந்துட்டோம்டா, பண்ருட்டி வந்துட்டோம்" என்றேன். பண்ருட்டி இன்னும் வரவில்லை.

"ஏங்க, நான் பஸ்ஸு புடிச்சிப் போறங்க."

"இந்த மழையில இங்க எவன் நிறுத்துவான்? பண்ருட்டிக்கு வந்து ஏறிக்கோ."

ஒரு பஸ் வந்தது. நான் ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினேன். என்மேல் தண்ணீரை வாரி அடித்துவிட்டு அது போயே விட்டது.

பண்ருட்டியில் ரோட்டுக் கடை வெளிச்சமெல்லாம் பிரகாசமாக இருந்தது. மகன் லைட்டை அணைத்துவிட்டு நெரிசலில் ஊர்ந்துகொண்டு போனான். முள் நடுவிலேயே நின்றது. வீட்டுக்காரர் முகம் தெளிந்துவிட்டது. "பாத்தியா, மெதுவாப் போனா ஏறல. எஞ்சினுக்கு மூச்சு முட்டுது, அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல இதுலயே போயிடலாம்" என்றார். அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. நான் இறங்கவில்லை. ஊரைத் தாண்டித் திருவதிகைப் பக்கம் இருட்டில் லைட்டைப் போட்டதும் முள் ஏறி, சிவப்பைத் தாண்டி, இடிக்கிற இடம் வரைக்கும் போய் நின்றது.

மகன் நிறுத்தவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "ஓட்டிடறேம்பா. எஞ்சின் போனாப் போவுது" என்றான்.

"நிறுத்துடா."

"பெரியம்மா கெடக்குதுப்பா அங்க."

"நிறுத்துடான்னா. நடுரோட்டுல எஞ்சின் புடிச்சிக்கினு நின்னா அப்ப எப்படிப் போவ? வெடிச்சா உங்கம்மாவ யாரு பாக்கறது?"

மகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்வேன்? கண் போன அந்த ஆளின் சம்சாரம் எங்கள் பிளாக்கில்தான் இருக்கிறது, தினமும் பார்க்கிறேன். "அப்பா சொல்றத கேளு" என்றேன். நிறுத்தினான். இந்தத் தடவை வெகுநேரம் நின்றோம். வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து ரேடியேட்டருக்கு விசிறினார். மழையில் நனைந்துகொண்டு, எஞ்சினுக்கு விசிறிக்கொண்டு நின்றார் அந்த மனுஷன். அதை நான் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்குப் பொறுக்காது.

மேல்பட்டாம்பாக்கத்துத் தெருவில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. பொம்பிளைகள் அழுகிற சத்தம் தெரு முனைக்கு வந்தது.

அக்காவின் வாயைக் கட்டியிருந்தார்கள். தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி. தலைமாட்டில் விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு சின்னத் தம்ளரில் பால், மேலே ஆடை படிந்து, ஒரு எறும்பு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. உடம்பைத் தொட்டேன். அக்குளில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. இந்தச் சூடு எவ்வளவு நேரத்துச் சூடு என்று என் கைக்குத் தெரிந்தது.

"இப்பத்தான் சின்னம்மா. வாசல்ல வண்டிச் சத்தம் கேக்கும்போதெல்லாம் கண்ணத் தொறந்து தொறந்து பாத்துச்சு" என்றான் அக்கா மகன்.

மருமகள் அழுகைக்கு நடுவே நிறுத்திச் சொன்னாள். "நெய்வேலி என்னா சீமையிலயா இருக்குது? பஸ்ஸுல வரவங்கல்லாம் வந்துட்டாங்க. ஜீப்பு வச்சிருக்கறவங்களுக்குத்தான் நேரமாவுது."

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். "எஞ்சின் காஞ்சி நின்னுடுச்சி. மிஷினு. அது யாருக்கும் சொல்லிட்டு நிக்காது" என்றேன். வீட்டுக்காரர் வாசலில் ஈரத் துண்டோடு நின்றிருந்தார், உள்ளே வரவில்லை.

மறுநாள் எடுக்கும்போது வாய்க்கட்டை அவிழ்த்து எல்லாரும் அரிசி போட்டார்கள். நானும் போட்டேன். அரிசி வேறு, பால் வேறு. அரிசி செத்தவளுக்குப் போடுவது. அதற்கு அடுத்த நாள் ஆண்கள் சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கக் கிளம்பினார்கள். கறந்த பால், தண்ணீர் கலக்காமல், நானே செம்பில் ஊற்றி நீட்டினேன். வீட்டுக்காரர்தான் முன்னால் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

பகலிலேயே திரும்பினோம். முள் நடுவை விட்டு அசையவில்லை.

மகன் லீவு போட்டுவிட்டு ஜீப்போடு உட்கார்ந்தான். எஞ்சின் ஏன் காய்கிறது என்று கண்டுபிடிக்காமல் விடுவதாக இல்லை. முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். தண்ணீர் வாய்வரைக்கும் நின்றது.

"கொதிச்சிருந்தா குறைஞ்சிருக்கணுமேப்பா."

"நாமதான் நிறுத்தி நிறுத்தி வந்தமே. அதான் குறையல" என்றார் வீட்டுக்காரர்.

அடுத்து எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சின்ன வால்வைக் கழற்றினான். சூடானால் திறந்து தண்ணீரை விடுகிற வால்வாம், அது திறக்காவிட்டால் எஞ்சின் காயுமாம். "ம்மா, ஒரு பாத்திரம் குடு, அடுப்பு வேணும்" என்றான். பருப்பு வேகவைக்கிற அலுமினியப் பாத்திரத்தைக் கொடுத்தேன். தண்ணீரில் வால்வைப் போட்டுக் கொதிக்கவிட்டான். நாங்கள் மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி நின்று, ஏதோ பலகாரம் வேகிறதுபோல எட்டிப் பார்த்தோம். தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் வால்வு சிப்பி மாதிரி வாயைத் திறந்தது.

"இது நல்லாருக்குது" என்றான். அவன் முகம் சந்தோஷப்படவில்லை.

பிறகு சூட்டை உணர்ந்து மீட்டருக்குச் சொல்கிற பித்தளைத் துண்டைக் கழற்றினான். சமையல்கட்டு ஜன்னலுக்கு வெளியே ஜீப்பைத் தள்ளிவந்து, நீள ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து, அந்தத் துண்டை அதே பாத்திரத்தில் முக்கினான். என்னை ஜீப்பில் உட்காரவைத்து முள்ளைப் பார்க்கச் சொன்னான். தண்ணீர் சுட சுட முள் மெதுவாக நடுவுக்கு வந்தது, கொதித்ததும் சிவப்புக்குப் போனது. அடுப்பை அணைத்ததும் இறங்கியது. எல்லாம் சரி. மீட்டரும் சரி, வால்வும் சரி, ரேடியேட்டரும் சரி.

"அப்புறம் எதுதான்டா கோளாறு?" என்றார் வீட்டுக்காரர். அவர் குரலில் ஒரு பயம் இருந்தது. எஞ்சினில்தான் கோளாறு என்று யாராவது சொல்லவேண்டும் என்று அவர் காத்திருந்ததுபோல எனக்குப் பட்டது.

மறுநாள் விடிகிற நேரம். வீட்டுக்காரர் பால் வாங்க பூத்துக்குப் போயிருந்தார். நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். ஜீப்பின்மேல் பனி இறங்கி பானெட்டெல்லாம் முத்து முத்தாக நின்றது. மகன் கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டுவதற்காக வந்து உட்கார்ந்தான். பித்தளைத் துண்டை முடுக்கிவிட்டு, சாவியைத் திருகினான். எஞ்சினைக் கிளப்பவில்லை. முள் குளிர்ந்த இடத்தில் கிடந்தது. இன்னும் சரியாக வெளுக்கவில்லை, எதையோ தேட வெளிச்சம் வேண்டுமென்று ஜீப் லைட்டைப் போட்டான்.

"ம்மா" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. வாளியை வைத்துவிட்டுப் போனேன்.

எஞ்சின் பனியில் நனைந்து சில்லென்று கிடக்கிறது. முள் ஏறுகிறது. நடுவைத் தாண்டி, சிவப்புக்குப் போய் நின்றது. லைட்டை அணைத்தான், இறங்கியது. போட்டான், ஏறியது. நான் பானெட்டில் கையை வைத்தேன். உள்ளங்கை ஈரமாகிக் குளிர்ந்தது.

"அன்னிக்கு எஞ்சின் காயவே இல்லம்மா" என்றான். "லைட்டு போட்டதாலதான் முள்ளு ஏறுச்சு."

எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். பேட்டரியிலிருந்து போகிற கரண்ட், வேலை முடிந்து வண்டியின் இரும்பு வழியாகத் திரும்பி வரவேண்டுமாம். மீட்டருக்கும் லைட்டுக்கும் திரும்புகிற வாசல் ஒன்றுதான், டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு போல்ட். அந்த வாசல் அடைத்துக்கொண்டால், லைட்டு கரண்ட் பெரிசு, அது முட்டிக்கொண்டு நிற்கும், பக்கத்தில் சின்னதாக வருகிற மீட்டரைக் கெடுத்துவிடும். பகலில் லைட்டு இல்லை, அதனால் தெரியவில்லை.

"அந்த எடத்த நான் உப்புத்தாள் போட்டுத் தேச்சி, பளபளன்னு வெறும் இரும்பாக்கித்தாம்மா ஒயர முடுக்கினேன். எப்படி அடையும்?" என்றபடி குனிந்து ஸ்பேனரைப் போட்டான்.

போல்ட்டைக் கழற்றினான். அடியில் இரும்பு பளபளவென்று இல்லை. சிவப்பாக இருந்தது. துரு இல்லை. ரெட் ஆக்ஸைடு. கட்டியாக, அழகாக, ஓரம் பிசிறில்லாமல், போல்ட்டைக் கழற்றிப் பொறுமையாகப் பூசி, திரும்ப முடுக்கிய வேலை.

நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

அவன் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினான். அவசரமாகத் தேய்த்தான். சிவப்புப் பொடி அவன் விரல் நகத்துக்குள் ஏறியது. பாதி தேய்த்திருப்பான், வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்னா, கண்டுபுடிச்சியா?"

"ஒயரு லூசுப்பா. இப்ப சரியாப் போச்சு."

அவர் குனிந்து பார்த்தார். தேய்த்த இடம் வெள்ளையாக, தேய்க்காத பாதி சிவப்பாக இருந்தது.

"பெயிண்ட்ட ஏன் சுரண்டுற? துரு புடிக்குமே."

"புடிக்கட்டும்பா. அந்த எடம் மட்டும் வெறுமையாத்தான் இருக்கணும்."

அவர் நிமிரவில்லை. குனிந்தபடியே இருந்தார். அவர் கரண்ட் வேலை தெரிந்தவர் இல்லை, ஆனால் மிஷினோடு வாழ்ந்த மனுஷன். ஒயர் முனை, போல்ட், சிவப்பு என்று ஒவ்வொன்றாக அவர் கண் போவதை நான் பார்த்தேன். பிறகு லைட்டைப் போட்டார், அவரே. முள்ளைப் பார்த்தார். போல்ட் கழன்று கிடந்ததால் அது எதையும் காட்டவில்லை. லைட்டை அணைத்துவிட்டு, பால் பாக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். டீ போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போய் அப்படியே இருந்தது.

நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மகனும் கேட்கவில்லை. அந்த மனுஷன் என்ன, கெடுதலுக்கா பூசினார்? ஜீப் நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் பூசினார். நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் நிறுத்தவும் சொன்னார். இரண்டும் அவர் வாழ்நாள் முழுக்கச் சரியாகச் செய்த வேலை. அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும் இரண்டும் சேர்ந்து குறுக்கே நின்றுவிட்டன.

கருமாதிக்கு ஜீப்பிலேயே போனோம். பஸ்ஸில் போகலாம் என்றார் அவர். "ஜீப்புலதான் போவணும்" என்றேன் நான். மருமகள் இலை போட்டுக்கொண்டே, "ஜீப்பு சரியாயிடுச்சிங்களா?" என்று கேட்டாள். "ரேடியேட்டர் அடைச்சிருந்துது, மாத்தியாச்சு" என்றேன். என் புருஷன் பந்தியில் உட்கார்ந்திருந்தார், அவர் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னேன். இன்றைக்கு வரைக்கும் அந்த ஊரில் அதுதான் கதை. ரேடியேட்டர் அடைத்ததால் தங்கச்சி வர நேரமாகிவிட்டது.

திரும்பும்போது பண்ருட்டியிலேயே இருட்டிவிட்டது. மகன் கை லைட்டு சுவிட்சுக்குப் போய்க் கொஞ்சம் தயங்கியது. பிறகு போட்டான். ரோடு பளிச்சென்று தெரிந்தது, முன்னைவிட வெளிச்சம்.

மூன்று பேரும் முள்ளைப் பார்த்தோம்.

அது நடுவில் நின்றது. கடைத்தெரு முடிந்து, மேடு ஏறி, இறங்கி, எங்கேயும் அசையவில்லை. ஏறு, ஒரு கோடாவது ஏறு என்று என் மனசு கேட்டது. ஏறினால், அன்றைக்கும் எஞ்சின் நிஜமாகவே காய்ந்தது என்று ஆகும். நின்றதற்கு ஒரு அர்த்தம் இருந்தது என்று ஆகும். ஆணி அடித்த மாதிரி நின்றது. நல்ல வேலை. என் பிள்ளை சரியாகச் செய்திருந்தான்.

முந்திரித் தோப்பு வந்தது. வீட்டுக்காரர் தோளிலிருந்த துண்டை மடியில் வைத்து மடித்துக்கொண்டே, "இங்கதான மொதல்ல நிறுத்தினோம்" என்றார்.

அன்றிலிருந்து அவர் அதைப் பற்றிப் பேசிய ஒரே பேச்சு அது. அடுத்த ஆயுத பூஜைக்கு ஜீப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்ததோடு நிறுத்திக்கொண்டார். ரெட் ஆக்ஸைடு டப்பா பரண்மேல் மூடி இறுகிக் கிடந்தது.

அன்றைக்கு அந்தத் தோப்பு ஓரம் மகன் வேகத்தைக் குறைத்தான். நிறுத்தவா என்று கேட்பதுபோலக் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"போ கண்ணு. வூட்ல வெளக்கு ஏத்தணும்" என்றேன்.